எங்கள் தெருவின் நாணயம்

கலியாணமான மூன்றாம் மாதம், ஆம்பூர் கடைத்தெருவில் இரண்டு படி அரிசிக்குக் கடன் சொல்லப் போனேன். எங்கள் தெருவைப் பற்றிய கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் குடியாத்தம் பக்கத்துப் பெண். வேலூரில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, உபாத்தியாயினி வேலைக்குப் பயிற்சி பெற்றவள். பாலாற்றங்கரையில் தோல் கிடங்குகளை ஒட்டிய எங்கள் ஜனங்களின் தெருவில் மிஷன் ஒரு ஓரறைப் பள்ளிக்கூடம் வைத்திருந்தது. அங்கே பாடம் சொல்ல வந்தவளை அந்தத் தெருவுக்கே மருமகளாக்கிவிட்டார்கள். என் கணவருக்குத் தோல் கிடங்கில் வேலை. சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத் தோலைச் சாய்ந்த மரத்தின் மேல் போட்டு, வளைந்த கத்தியால் சவ்வு எடுப்பார்.

அந்த மாதம் மிஷன் சம்பளம் வர நாளாயிற்று. கடைக்காரர் என் வெள்ளைப் புடவையையும் கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்து மரியாதையாகத்தான் பேசினார். படியை மூட்டைக்குள் விட்டு அள்ளியும்விட்டார். பிறகு, "எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். அள்ளிய அரிசி அப்படியே மூட்டைக்குள் திரும்பிப் போயிற்று.

"கோச்சிக்காதம்மா. அந்தத் தெருவுக்குக் கடன் கெடையாது. ஊருக்கே தெரிஞ்ச கதையாச்சே, உனக்கு யாரும் சொல்லலையா?"

சொன்னார். நின்றுகொண்டே கேட்டேன். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரெல்லாம் எலும்பாய்க் கிடந்தபோது, தானிய மண்டிக்காரர் ஒருவர் தம் களஞ்சியத்தைத் திறந்து எங்கள் தெருவுக்குக் கேழ்வரகு அளந்து கொடுத்தாராம். மழை பெய்து விளைந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பேச்சு. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. மழை பெய்தது. ஆனால் தின்றவர்களில் பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் கோலாருக்குத் தங்கம் வெட்ட ஓடிவிட்டார்கள். மண்டிக்காரர் அந்த ஏக்கத்திலேயே செத்துப்போனார்.

"தங்கம் வெட்டத் தெரிஞ்சவங்களுக்குக் கேவுரு திருப்பித் தரத் தெரியலை, பாத்தியா" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். அவர் கஞ்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெஜந்தான் போலிருக்கு. எங்கப்பாவும் அப்டித்தான் சொல்லுவாரு. இன்னா பண்றது? அவங்க தின்னுட்டுப் போய்ட்டாங்க, பேரு நம்மகிட்ட நிக்குது."

அந்தப் பேர் எங்கெல்லாம் நின்றது என்பதைப் பிறகு வந்த வருஷங்களில் பார்த்தேன். அடகுக்கடையில் அடுத்த தெருக்காரனுக்கு ஒரு வட்டி, எங்களுக்கு ஒன்றரை வட்டி. எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். எந்த மலையில் எப்போது ஆவாரம்பட்டை உரிக்க வேண்டும், எந்தப் பட்டை தோலுக்குச் சாயம் கொடுக்கும் என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவார். சொந்தமாக ஒரு மாட்டுவண்டி இருந்தால் தாமே பட்டை வியாபாரம் செய்யலாம் என்று பத்து வருஷம் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் நம்பிக் கொடுக்கவில்லை. கடைசிவரை அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டினார். நாங்கள் குடியிருந்த நிலமும் எங்களுடையதில்லை. நிலத்துக்காரர் எழுந்து போ என்றால் கூரையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போக வேண்டியதுதான்.

அந்த நாளில்தான் சர்க்கார் எங்களைப் போன்ற ஜனங்களுக்கு ஐக்கிய நாணயச் சங்கம் ஏற்படுத்தித் தருகிறது என்று செய்தி வந்தது. பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு ஏற்றால் போதும், வீட்டு மனை வாங்கக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். நான் விண்ணப்பத்தை எழுதி, தெருவில் வாசித்துக் காட்டினேன். 'நாணயச் சங்கம்' என்று வாசித்ததும் ஒரு வாலிபன், "நம்ம தெருவுலயா? நாணயமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கடைத்தெருவில் கேட்ட அதே சிரிப்பு. எங்கள் வாயிலிருந்தே அது வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் முப்பது பேருக்கு மேல் கைநாட்டு வைத்தார்கள்.

சங்க இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். பள்ளிக்கூடத்தில் எங்கள் பெஞ்சியிலேயே உட்கார்ந்து எல்லோரையும் பெயர் கேட்டு எழுதினார். பிறகு கடைத்தெருவுக்குப் போய் விசாரித்துவிட்டு, மத்தியானம் வேறு முகத்தோடு திரும்பினார்.

"நான் என்னம்மா செய்யட்டும்? ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து பேரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்."

"அது ஐம்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததுங்களே ஐயா. கைநாட்டு வெச்சவங்க ஒருத்தரும் அப்ப பொறக்கவே இல்லை."

"இருக்கலாம். உங்களிடம் நிலம் இல்லை, நகை இல்லை. சங்கத்துக்கு முதலாக வைக்க உங்கள் வாக்கு ஒன்றுதான் இருக்கிறது. அந்த வாக்கைப் பற்றி ஊர் இப்படிச் சொன்னால், நான் என்னவென்று சிபாரிசு எழுதுவது?"

அவர் உடனே மறுத்து எழுதிவிடவில்லை. கார்த்திகை கழிந்து மறுபடி வருவதாகவும், ஊரில் யாராவது ஒரு பெரிய மனிதர் எங்களுக்காகப் பேசினால் பார்க்கலாம் என்றும் சொல்லிப் போனார். எங்களுக்காகப் பேசக்கூடிய பெரிய மனிதர் ஒருவரும் எங்களுக்குத் தெரியாது.

ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு கிழவி இறந்துபோனாள். சிறுபிள்ளையாய்க் கோலாருக்குப் போய் வளர்ந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டு ஜனங்கள் பத்துப் பேர் ரயிலேறி வந்தார்கள். அவர்களில் என் வயதுப் பெண் ஒருத்தி ஒப்பாரியை முன்னெடுத்தாள். எங்கள் கிறிஸ்தவ சபையில் மாரடித்து அழக் கூடாது என்பார்கள். அதனால் நான் ஓரமாக நின்றேன். ஓரமாக நின்றதால்தான் வார்த்தைகள் தெளிவாகக் காதில் விழுந்தன.

கிழவியை அவள் ஒவ்வொரு பெருமையாகச் சொல்லிக் கூப்பிட்டாள். முத்துப் பல்லக்கு, பவழத் தேர் என்று எல்லா ஒப்பாரியிலும் வருவதெல்லாம் வந்தது. நடுவே, கடன்பட்ட கேழ்வரகைக் காசாக்கிக் கொண்டுவந்து கொடுத்தவன் வீட்டு மகளே என்று கூப்பிட்டாள். சோளிங்கர் வழியில் கல் நட வைத்தவன் மகளே என்றாள். வட்டமாக உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பெண்கள் அதையும் பவழத் தேரோடு சேர்த்து அழுதுகொண்டே கடந்துபோனார்கள். நான் மட்டும் அந்த இரண்டு வரியையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவளைக் கிணற்றடியில் பிடித்தேன்.

"நேத்து கேவுருன்னு பாடினியே, அது எந்தக் கேவுரு?"

"இன்னாக்கா இப்டிக் கேக்குறே? தாது வருஷத்துல மண்டிக்காரரு குடுத்தாரே, அந்தக் கேவுருதான். உங்க தெருவுல தெரியாதா?"

"குடுத்தது தெரியும். ஓடிப்போனதும் தெரியும். திருப்பிக் கொடுத்தது தெரியாது."

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணில் கோபம்.

"ஓடிப்போனமா? யாரு சொன்னது? பண்ணையில படியாளா இருந்தவங்க சொல்லிட்டுப் போனா உட்டுடுவாங்களா? அதான் சொல்லாம போனாங்க. திரும்பி ஊருக்குள்ள வந்தா புடிச்சு வெச்சுக்குவாங்கன்னு பயம். ஆனா வாக்கை மறக்கலை. சுரங்கத்துல நெலையா கூலி கெடைக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கெடைச்சதும் வீட்டுக்கு இவ்ளோன்னு சேத்தாங்க. மண்டிக்காரரு கார்த்திகை ஞாயித்துக்கெழமை சோளிங்கருக்கு மலையேற வருவாருன்னு தெரியும். எங்க தாத்தாவும் இன்னும் ரெண்டு பேரும் அந்தக் கூட்டத்துல போய் அவரைத் தேடிப் புடிச்சுக் குடுத்தாங்க. ஒரு வருஷம் இல்லக்கா, மூணு கார்த்திகை. மூணாவது வருஷம் முழுசா தீந்ததும் அந்த மனுஷன் நடுரோட்டுல நின்னு அழுதாராம். இது வராதுன்னு நான் எப்பவோ உட்டுட்ட பணம், இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டேன்னு சொல்லி, அந்த வழியிலேயே சுமைதாங்கி கட்டினாராம். எங்க வீட்டுல பொண்ணு கேட்டு வந்தா இதைத்தான் மொதல்ல சொல்லுவோம்."

கோலாருக்குப் போன பாதித் தெரு இதைச் சொல்லிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறது. போகாமல் நின்ற பாதித் தெரு தலையைக் குனிந்துகொண்டு ஒன்றரை வட்டி கட்டியிருக்கிறது. வாழ்க்கைப்பட்டு வந்த கிழவி சொல்லியிருந்தாலும், பிறந்த வீட்டுப் பெருமை என்று யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கேட்டதை நம்பிவிட எனக்கு ஆசைதான். ஆனால் ஒப்பாரியை இன்ஸ்பெக்டரிடம் சாட்சியாகக் கொடுக்க முடியாது. அடுத்த ஞாயிறு காலை, சபைக் கோயிலுக்குப் போகாமல் நானும் கணவரும் ரயிலேறினோம். கலியாணமான பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து போன முதல் பிரயாணம் அதுதான். காட்பாடி தாண்டி, சோளிங்கர் ஸ்டேஷனில் இறங்கி, ஊரைப் பார்த்து நடந்தோம்.

சுமைதாங்கி என்பது இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பது. தலைச்சுமையோடு நடப்பவர்கள் ஒருவர் துணையில்லாமல் தாமே சுமையை இறக்கி, ஏற்றிக்கொள்ள வசதியாக ஆளுயரத்தில் இருக்கும். முதலில் வந்த கல் பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணுக்காக வைத்தது. இரண்டாவதில் எழுத்தே இல்லை. மூன்றாவது ஒரு வேப்பமரத்தடியில் சற்றே சாய்ந்து நின்றது. விறகுக்காரி ஒருத்தி அதன்மேல் கட்டை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கிளம்பும்வரை காத்திருந்தோம்.

கல் முழுவதும் பாசி பூத்துக் காய்ந்திருந்தது. என் கணவர் கீழே கிடந்த ஓடு ஒன்றை எடுத்தார். கிடங்கில் தோல் கிழியாமல் சவ்வு மட்டும் உரிகிற அதே கணக்கில், எழுத்து சிதையாமல் பாசியை மட்டும் வழித்தார். வருஷத்தின் பெயர் பாதி தேய்ந்திருந்தது. மண்டிக்காரரின் பெயரும் ஊரும் தெளிவாக இருந்தன. அதன்கீழே, பஞ்ச காலத்தில் கொடுத்த கேழ்வரகுக்காகக் கோலாரில் இருக்கும் ஆம்பூர் இன்ன தெரு ஜனங்கள் பாக்கியில்லாமல் கொடுத்த பணத்தில் செய்த தர்மம் என்று வெட்டியிருந்தது.

வாசித்தேன். இன்னொரு தரம் வாசி என்றார். வாசித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது.

"இதுல நம்ம தெருப் பேரு எது?"

அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின்மேல் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். பிறகு துண்டை எடுத்துக் கல்லைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த எழுத்தை அப்படியே ஒரு காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, மறுவாரம் மண்டிக்காரரின் பேரனைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதுக்காரர். தானிய மண்டியோடு அடகுக்கடையும் அவருடையதுதான். எங்கள் தெருவிடம் ஒன்றரை வட்டி வாங்கியதும் அவரே. அவர் கணக்குப்பிள்ளை என்னை வாசலிலேயே நிறுத்தினார். வாசலில் நின்றபடியே காகிதத்தை நீட்டினேன். கணக்குப்பிள்ளை அதை வாங்கி அவர் முன்னால் வைத்தார். அவர் படித்தார். முகம் சிவந்தது.

"இன்னாம்மா இது? காகிதத்துல யாரு வேணும்னாலும் எது வேணும்னாலும் எழுதலாம். எங்க தாத்தா பேரை வெச்சு வெளையாடறியா?"

"காகிதத்தை நம்ப வேணாங்க. கல்லு இருக்குது. நீங்க வருஷா வருஷம் கார்த்திகையில போற வழிதாங்க."

"அந்த வழியில நாங்க பொறந்ததுல இருந்து போறோம். எனக்குத் தெரியாத கல்லா?"

"நீங்க வண்டியில போறீங்க. சுமை தூக்கினு நடக்கறவங்கதான் அந்தக் கல்லுகிட்ட நிப்பாங்க."

சொன்ன பிறகு எனக்கே பயமாயிருந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, போகலாம் என்று கையை மட்டும் காட்டினார். ஒருவேளை அதைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். எங்கள் கதை மாறினால் அவர் வட்டிக்கடைக்குத்தானே நஷ்டம்.

கார்த்திகை முடிந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் தெருவே கூடியிருந்தது. நான் கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். ஆனால் தாம் நேரில் போய்ப் பார்க்காமல் எழுத முடியாது என்றார். பேச்சு அந்த இடத்தில் நிற்கும்போது தெருமுனையில் ஒரு வண்டி வந்து நின்றது. மண்டிக்காரரின் பேரன் இறங்கினார். அவர் வீட்டு ஆண்கள் ஒருவரும் அதுவரை எங்கள் தெருவுக்குள் காலடி வைத்ததில்லை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அவர் உட்காரவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினார்.

"போன ஞாயித்துக்கெழமை வண்டியை நிறுத்தி எறங்கிப் பாத்தேன். எங்க தாத்தா வெச்ச கல்லுதான். பக்கத்துக் கிராமத்துல விசாரிச்சேன், அவங்களும் அதைத்தான் சொல்றாங்க. எங்க தாத்தா கடைசி நாள்ல சோளிங்கர்லயே இருந்து அங்கேயே காலமாய்ட்டாரு. எங்கப்பாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. இல்ல, தெரிஞ்சிருந்துச்சோ என்னவோ, நான் அவரைக் கேக்க முடியாது. எங்க தாத்தா கல்லுல பொய் எழுதுற மனுஷன் இல்லை. இந்தத் தெரு எங்க வீட்டுக்கு ஒண்ணும் பாக்கியில்லை. அதை எழுதிக்குங்க."

அவ்வளவுதான். வண்டியேறிப் போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. கூடுதலாக வாங்கிய வட்டியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும், தம் கடைக்கு நஷ்டம் என்று தெரிந்தே தாத்தாவின் சொல்லைக் காப்பாற்ற எங்கள் தெருவைத் தேடி வந்தாரே, அந்த மனிதரை நான் குறைவாகப் பேசமாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. கோலார்ப் பெண் அழுதுகொண்டு சொன்னதும் போதவில்லை, கல்லில் வெட்டியிருந்ததும் போதவில்லை. வண்டியில் வந்து ஒருவர் சொன்ன பிறகுதான் எழுதும் பேனா அசைந்தது. இதை நான் மறக்கவில்லை.

சங்கம் பதிவாயிற்று. நடவடிக்கைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீர்மானங்களை எழுத வேண்டும். நான் கேழ்வரகின் கதையை எழுதினேன். கோலாருக்குப் போனவர்கள் பெயர்களைக் கடிதம் போட்டு வரவழைத்து அவற்றையும் எழுதினேன். இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு விதியில் இடமில்லையே அம்மா" என்றார். "விசாரணைக்குக் கதை கேட்டீங்களே ஐயா, அதுக்கு விதியில எடம் இருந்துச்சா?" என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கத்தின் அடியில் தம் சுருக்கொப்பத்தைப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் வருஷம் இருபது குடும்பங்கள் சொந்த மனைக்குப் போனோம். சர்வேக்காரர் சங்கிலி பிடித்தபோது, கிடங்கில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். என் கணவர் தம் மனையின் நான்கு மூலைக் கல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. கிடங்கில் தோலிலிருந்து மயிர் எடுக்கும் வேலை செய்த ஒரு விதவை ஆறு மாதம் தவணை கட்டவில்லை. அவளுக்குக் கையெல்லாம் சுண்ணாம்புப் புண், வேலைக்குப் போக முடியவில்லை. சங்கத்துக் கமிட்டியில் ஒருவர் எழுந்து, "பஞ்சத்துல தின்னவங்களே கட்டினாங்க, உனக்கு இன்னா கேடு?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டார். அவள் சேலைத் தலைப்பால் கையை மறைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன்.

"மண்டிக்காரரு பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்தாரு, அதுவும் கதையில இருக்குதில்ல?" என்றேன். "கட்டினவங்க பெருமையை மட்டும் எடுத்துக்கினு, காத்திருந்தவரு பெருமையை உட்டுடுவீங்களா?"

தவணையைத் தள்ளிவைத்தோம். கை ஆறியதும் அவள் கட்டி முடித்தாள். அந்தக் கமிட்டிக்காரரே ரசீது எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு பக்கத்துத் தெருப் பெண்கள் எட்டுப் பேர் எங்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்று வந்தார்கள். அவர்களும் கிடங்கு வேலைக்காரிகள். எங்கள் கமிட்டியில் ஒருவர் பழக்கதோஷத்தில், "கடைத்தெருவுல கொஞ்சம் விசாரிச்சிட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டினார். அவரை உட்கார வைத்தேன். எங்கள் சங்கத்தில் யாரைச் சேர்ப்பதானாலும் முதலில் அவர்களையே பேசச் சொல்லிக் கேட்பது, பிறகுதான் மற்றவர்களிடம் விசாரிப்பது என்று அன்றைக்கே தீர்மானம் எழுதி, எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினேன்.

பிறகு அந்த எட்டுப் பேரையும் பள்ளிக்கூடப் பெஞ்சியில் உட்கார வைத்தேன். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, "உங்க தெருவைப் பத்தி நீங்களே சொல்லுங்க" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை போலிருந்தது. பிறகு ஒருத்தி தொடங்கினாள். அவள் முடிக்குமுன் இன்னொருத்தி, அது அப்படியில்லை என்று குறுக்கே பேசினாள். மத்தியானச் சங்கு ஊதும்வரை எட்டுப் பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.